ஆஞ்சநேயருக்கு எடுத்த அளவு

பதினெட்டுத் தெய்வங்களின் இடுப்பளவு அந்த வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு என்றால் சலவைக்கடைக்கு மேலே மூன்று அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை லேசாகச் சூடேறும். மழைக்காலத்தில் அது ஒரு வரம். முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், நடுவில் வெட்டுமேசை, மேசைக்கு மேலே சுவரில் பத்து ஆணிகள், ஆணிக்கு ஒரு வெள்ளை நூல். கருவறைக்குள் போய் டேப் பிடிக்கத் தையல்காரர்களுக்கு வழியில்லை. குருக்கள்தான் நூல் வைத்து அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை இடுப்புச் சுற்று. அங்கிருந்து அடுத்த முடிச்சு வரை, இடுப்பிலிருந்து பாதம். சாமிக்கு அவ்வளவுதான் அளவு. எந்த நூல் யாருடையது என்று தெரிய வாலில் ஒரு துணித்துணுக்கு இருக்கும். துர்க்கைக்குச் சிவப்பு, தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள், பிள்ளையாருக்குப் புல் பச்சை. நவகிரகங்கள் ஒன்பது பேரும் ஒரே உயரம் என்பதால் அவர்களுக்குச் சேர்த்து ஒரே நூல். சிவனுக்கு மட்டும் ஆணியே கிடையாது.

கோயில் வேலை எடுத்த புதிதில் தையலம்மா அதைக் கேட்டே விட்டாள். "சாமி, லிங்கத்துக்கு நூல் தரலையே?"

"அடி எங்கே முடி எங்கேன்னு தேடினவங்களுக்கே ஆப்பிடலை. நான் எங்கம்மா முடிச்சுப் போடறது?" என்று சிரித்தார் குருக்கள். "நீங்க ஒரு துண்டு கொடுங்க. மத்ததை அவர் பார்த்துப்பார்."

அவளைக் கோயிலில் எல்லோரும் தையலம்மா என்பார்கள். அவளுடைய நாத்தனாருக்குக் 'கொசுவம்' என்று பட்டப்பெயர். சாமிக்கு வேட்டியை நின்று நிதானமாகக் கட்டிவிட முடியாது. பின்னால் சுவர், முன்னால் விளக்கு, நடுவில் குருக்களின் ஒரு கை போகிற இடம்தான். அதனால் முன் மடிப்பைத் தைத்தே கொடுக்க வேண்டும். அப்படித் தைத்த கொசுவம் தைத்ததாகத் தெரியக் கூடாது. அது அந்த ஊரில் ஒரே ஒருத்தியின் கைக்குத்தான் வந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. தையலம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பதினான்கு வயதில் கதவோரம் நின்று, "அண்ணி, உங்களுக்குப் பாவாடைக்கு நாடா கோக்கத் தெரியுமா?" என்று கேட்டவள். தாய் தகப்பன் போன பிறகு அண்ணனும் அண்ணியும்தான் அவளுக்கு எல்லாம். அண்ணன் பஸ் ஓட்டப் போய்விட, பகல் முழுக்க இரண்டு பெண்களும் இரண்டு மெஷின்களுமாக இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை புதுக் கோயில் திறப்பு. டயர்க் கிடங்கின் மாடியில் வாடகைக்கு இருந்த சாமிகளெல்லாம் சொந்தக் கட்டடத்துக்குப் போகிறார்கள். எல்லோருக்கும் புது உடுப்பு. ஆஞ்சநேயர் புதிதாக வருகிறார்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே மழை. தையலம்மா பச்சைத்துணுக்கு நூலை மேசையில் நீட்டி அளந்தாள்.

"ஏம்மா, பிள்ளையார் போன தடவைக்கு இப்ப அரை இஞ்ச் கூடியிருக்காரே?"

இது வழக்கமான பேச்சு. 'கல்லு எப்படி அண்ணி ஊதும்? உங்க வீட்டுக்காரரோட சேர்ந்து சாப்பிடறாரோ என்னவோ' என்பாள் நாத்தனார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். டிரைவர் உள்ளேயிருந்து, "என் வயித்தை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?" என்று குரல் கொடுப்பார்.

இன்று நாத்தனார், "சந்தனக்காப்பு மேலே அளந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். கண் மெஷினை விட்டு எடுக்கவில்லை.

சனீஸ்வரனுக்கான கறுப்புத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவருக்கென்று துணி கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். இவளுக்கோ அவர் மேல் தனிப் பிரியம். "பாவம் அண்ணி, அவரு யாருக்கும் கெடுதல் பண்றதில்லை. நாம செஞ்சதை நம்ம கையில திருப்பிக் கொடுக்கறாரு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம்ம தையல்கடையிலயே அவ்வளவு நேர்மை கிடையாது" என்று முன்பெல்லாம் சொல்வாள். அவருடைய துணிக்கு மற்ற எட்டுப் பேருடையதைவிட நெருக்கமாகத் தையல் போடுவாள்.

இந்த ஒரு மாதமாக அவள் பேச்சில் அந்த மாதிரி வால் எதுவும் இல்லை. சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால், பசியில்லை. காரணம் தனக்குத் தெரியாது என்று தையலம்மா தினமும் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன்னால், நாத்தனார் நூல்கண்டு வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், ஏணி வந்தார். புதுக் கோயிலுக்கு விளக்கு வேலை முழுக்க அவர்தான். நல்ல உயரம்; அதற்கு மேல் எந்நேரமும் ஏணியில் நிற்பவர்; யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. தம்பிகள் இரண்டு பேரைக் கரையேற்றி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வயது நாற்பது ஆகியிருந்தது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையில் இருந்த டெஸ்டரைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"அக்கா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்க நாத்தனாரை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா? அவங்ககிட்டயே கேட்டிருப்பேன். நாக்கு எழும்பலை. நீங்க கேட்டுச் சொல்லுங்க. அவங்க வேண்டாம்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

தையலம்மா அவரைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முன்பு வந்த மூன்று மாப்பிள்ளைகளை நாத்தனாரே வேண்டாம் என்றாள். ஒருத்தன் தையலை விடச் சொன்னான், ஒருத்தன் சிரிக்கவே இல்லை, மூன்றாமவன் தன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடித்தான். இந்த மனிதரை அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அப்புறம் இந்த அறையில் ஒரு மெஷின் சும்மா நிற்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் படியில் விழுந்து உடைந்த தன் வலது கட்டைவிரலால் ஒரு கொசுவம்கூட மடிக்க முடியாது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பகலெல்லாம் யாரிடம் பேசுவது?

"அவளுக்குக் கல்யாணத்துலயே இஷ்டம் இல்லை தம்பி" என்று வாய் சொல்லிவிட்டது. "கேட்டாலும் அதையேதான் சொல்லுவா."

ஏணி தலையை ஆட்டினார். போகும்போது நிலையில் தலை இடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கோயிலில் நாத்தனார் எதிரே வந்தால் ஏணியில் இன்னும் இரண்டு படி மேலே ஏறிவிடுகிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வேறு ஊரில் ஒப்பந்த வேலைக்குப் போகிறாராம், மூன்று வருடம். டிரைவர்தான் அந்தச் செய்தியைச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்தார். நாத்தனார் அன்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோனாள்.

இந்தத் திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் திரைச்சீலைக்கு அளவெடுக்கக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"அண்ணி, ஆஞ்சநேயரோட பட்டுத்துணியை நான் வந்து வெட்டிக்கறேன். நீங்க கைவைக்காதீங்க. விரல் வலிக்கும்."

"வெட்டறதுக்கு என்னடி வலி? நீ போ. வந்ததும் கொசுவம் பிடிக்கத் தயாரா இருக்கும்."

உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. செய்த தப்புக்கு ஒரு வேட்டியையாவது வெட்டிக் கொடுக்கலாமே. கடைசி ஆணியிலிருந்து ஆரஞ்சுத் துணுக்கு கட்டிய நூலை எடுத்தாள். ஆஞ்சநேயர் என்றால் செந்தூர நிறம்தானே. விரித்துப் பார்த்தாள். இடுப்பு முப்பத்தாறு இஞ்ச். இடுப்பிலிருந்து பாதம் நாற்பத்திரண்டு.

"அம்மாடி!" என்று வாய்விட்டே சொன்னாள். கோயிலில் இவ்வளவு பெரிய சாமி கிடையாது. சிலையை இன்னும் துணி சுற்றியே வைத்திருப்பதால் யாரும் பார்க்கவில்லை. 'நல்ல வாட்டசாட்டமா அமைஞ்சிருக்கார்' என்று குருக்கள் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. நூலில் இரண்டு முடிச்சுக்கு மேல் இன்னும் இரண்டு இருந்தன. பதினெட்டு இஞ்சில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று. மேல்துண்டுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள். சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரியை ஓட்டினாள். சாயங்காலம் நாத்தனார் நனைந்து வந்தபோது, பட்டு வெட்டி, ஓரம் அடித்து, தேய்த்துத் தயாராக இருந்தது. அவள் அளவைச் சரிபார்க்கவில்லை. ஏதோ யோசனையில் மடிப்புப் பிடித்து, நாடா வைத்து, தைத்து முடித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அண்ணி வெட்டியதை அவள் ஒருமுறைகூட மறுபடி அளந்ததில்லை.

புதன்கிழமை தையலம்மா உடுப்புகளை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு, கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே புதுக் கோயிலுக்குப் போனாள். நாத்தனார் மீதித் திரைகளைத் தைக்க வீட்டிலேயே இருந்துவிட்டாள். கோயிலுக்குள் சிமென்ட் வாசனை. தரையெல்லாம் ஒயர்ச் சுருள். நடுவில் ஒரு பெரிய ஏணி, அதன் உச்சியில் இரண்டு செருப்பில்லாத கால்கள்.

குருக்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் எடுத்திருந்த பாவாடைகளைத் தூக்கிப் பிடித்து மெச்சினார். "ஆசைப்படறது ஒரு சக்தி, அதைச் செஞ்சு முடிக்கறது ஒரு சக்தி. ரெண்டுக்கும் நடுவுல அறிவு வேலா நிக்குது. மூணும் சேர்ந்தாத்தான் முருகன். ரெண்டு பேருக்கும் ஒரே நீளம் வெச்சீங்க பாருங்க, அதுதான் சரி." பிறகு ஆஞ்சநேயரின் வேட்டியைப் பிரித்தார். பிரித்துக்கொண்டே இருந்தார். அது அவர் மார்பிலிருந்து தரையைத் தொட்டது.

"தையலம்மா, என்ன இது?"

"ஆஞ்சநேயருக்கு, சாமி."

குருக்கள் அவளைச் சந்நிதிக்கு அழைத்துப்போய்ச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். கைகூப்பி நிற்கிற ஆஞ்சநேயர் மொத்தமே மூன்றடிதான் இருந்தார். வாட்டசாட்டம்தான், மூன்றடிக்குள்.

"இது சாமிக்குத் தைச்சதில்லைம்மா, ஏதோ ஆசாமிக்குத் தைச்சது!" குருக்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "விஸ்வரூபத்துக்கு அளவெடுத்துட்டீங்களா? போன வாரமே கொசுவத்துக்கிட்ட நூல் கொடுத்தேனே. வாலில் செந்தூரம் தடவி."

"துணி இல்லையா? ஆரஞ்சுத் துணி?"

"துணிக்கு நான் எங்கே போறது? கையில இருந்த செந்தூரத்தைத் தடவினேன். பயப்படாதீங்க, பெருசைச் சின்னதாக்கறது சுலபம். நாளைக்குக் குறைச்சுக் கொண்டு வாங்க." சிலையைப் பார்த்துவிட்டு, அவர் குரல் தானாக இறங்கியது. "இவரை எல்லாரும் பலத்துக்குக் கும்பிடறாங்க. எனக்கு என்னவோ இவர் சேதி சொன்ன விதம்தான் பெருசு. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் மனைவியைக் காணோமேன்னு உயிரைக் கையில பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கார். இவர் கடல் தாண்டிப் போயிட்டு வந்திருக்கார். அடிச்சேன், எரிச்சேன்னு தன் பெருமையைச் சொல்லலாமே? சொல்லலை. பார்த்துட்டேங்கறதைத்தான் முதல்ல சொன்னார். காத்துட்டிருக்கிறவங்க ஒரு நொடிகூட அதிகமாத் துடிக்கக் கூடாதுன்னு. இன்னொருத்தர் சேதி நம்ம கையில இருந்தா, அது நம்ம சொத்தில்லைம்மா. அதுக்காகத்தான் கைகூப்பி நிக்கறார்."

தையலம்மா வேட்டியை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வரேன் சாமி" என்று திரும்பினாள்.

திரும்பியவள் ஏணியின் மேலே பார்த்தாள். விளக்கைப் பொருத்தக் கை உயர்த்தியிருந்தார் அவர். மழைக்குப் போடுகிற ஆரஞ்சு வேலைச்சட்டை. வலது கையில் முழங்கைக்குக் கீழே கிழிந்திருந்தது. கிழிசலில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி குறைந்திருந்தது. யாரோ கத்தரியால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவளுடைய தொழில்மூளை தானாகக் கணக்குப் போட்டது. பதினெட்டு இஞ்ச், தோள். இருபத்தைந்து இஞ்ச், கை நீளம்.

சாமிக்கு யார் சட்டைக்கு அளவெடுப்பார்கள்?

"அக்கா, பார்த்து. ஒயர் கிடக்கு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அதே மரியாதை. அவளுக்குத் தலை நிமிரவில்லை.

வெளியே வரும் வழியில் பிள்ளையார். எப்போதும் போல ஒரு நிமிடம் நின்றாள். 'தடையை எடுக்கிறவர்னு மட்டும் நினைக்காதீங்க, தடைக்கே அதிபதி அவர். வேணும்னா வைப்பார், போதும்னா எடுப்பார்' என்று குருக்கள் ஒருமுறை சொன்னதுண்டு. அது சாமிக்குத் தகும். ஒரு தையல்காரி யார் வழியில் போய்க் குறுக்கே உட்காருவது?

வீட்டில் நாத்தனார் இல்லை. மேசையில் சீட்டு இருந்தது: 'திரைக்கு வளையம் வாங்கப் போறேன் அண்ணி. குழம்பு மூடி வெச்சிருக்கேன். சாப்பிடுங்க.'

கடைசி ஆணியில் பார்த்தாள். பின்னால் இன்னொரு நூல், வாலில் செந்தூரம். அளந்தாள். இடுப்பு இருபத்து மூன்று. பாதம் வரை இருபது. எல்லாம் சரியாக இருந்தது. தப்பு முழுக்க தன்னுடையதுதான்.

வேட்டியை மேசையில் விரித்தாள். கத்தரியைக் கையில் எடுத்தாள். இடுப்பில் பதின்மூன்று இஞ்ச் எடுத்து, கீழே இருபத்திரண்டு இஞ்ச் வெட்டினால் ஆஞ்சநேயருக்குச் சரியாகிவிடும். ஆரஞ்சு நூலை ஆணியில் பழையபடி மாட்டிவிட்டால், யாரும் எடுத்ததற்கு அடையாளம் இருக்காது. வெள்ளிக்கிழமை அவர் போய்விடுவார். கொஞ்ச நாளில் இவள் சாப்பிடத் தொடங்கிவிடுவாள். பிள்ளையார் இடுப்பைப் பற்றி மறுபடி சிரிப்பார்கள். ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

கீழே சலவை மெஷின் சுழன்றது. தரை மெல்ல அதிர்ந்தது. கத்தரி துணியின் விளிம்பைக் கவ்வியபடியே நின்றது.

டிரைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். மனைவி கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன, துணியோட சண்டையா?"

"என்னங்க, உங்க தங்கச்சி போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கே போறா?"

"எங்கேயாவது. கல்யாணமாகி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். எதையும் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் யோசிப்பவர். "நீ என்கூட வந்தப்ப உங்கம்மா என்ன பண்ணாங்க?"

"அழுதாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்... அப்பாவைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப நான் திட்டு வாங்கத் தயாரா இருக்கணும்ங்கற. சரி, சோத்தைப் போடு."

அவள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. கத்தரியைத் துணியிலிருந்து விடுவித்து, ஆணியில் மாட்டினாள்.

நாத்தனார் படியேறி வரும்போது மழை விட்டிருந்தது. குடையை மடக்கினாள். செருப்பைக் கழற்றக் குனிந்தாள். தையலம்மா மத்தியானத்திலிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்: முதலில் வேட்டி, பிறகு நூல், பிறகு விரல் வலி, பிறகு தனிமை, எல்லாம் சொல்லி, கடைசியில் அதை. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அவர் உன்னைக் கேட்டாரு" என்றாள்.

நாத்தனார் ஒரு செருப்போடு நின்றாள்.

"ஏணி. போன மாசம் வந்து உன்னைக் கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாரு. உன்கிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாரு. நான் கேக்கலை. உனக்கு இஷ்டம் இல்லைன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்."

பிறகு மிக மெல்லிய குரலில், "ஒரு மாசமா?" என்றாள் நாத்தனார்.

"ஒரு மாசமா."

"நான் தப்பா ஏதோ பண்ணிட்டேன்னு நினைச்சேன் அண்ணி. சட்டை கிழிஞ்சு நின்னாரு, கோயில்ல. டேப் இல்லை, நூல்லயே அளவெடுத்தேன். புதுச் சட்டையும் பேன்ட்டும் தைச்சுத் தரேன்னேன். சிரிச்சாரு. அடுத்த வாரத்துலேர்ந்து என்னைப் பார்த்தா மேல ஏறிடறாரு. அளவெடுத்ததே பிடிக்கலையோ, அதிகப்பிரசங்கித்தனமா தொட்டுட்டேனோன்னு..." குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுட்டுக் கிடந்தேன். நீங்க பக்கத்து அறையிலதான் இருந்தீங்க."

"திட்டுடி. எவ்வளவு வேணா திட்டு."

"திட்ட மாட்டேன். திட்டினா உங்களுக்குச் சுலபமாப் போயிடும்."

இரண்டாவது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்தாள். மேசையில் விரிந்திருந்த வேட்டியையும், பக்கத்தில் கிடந்த இரண்டு நூல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோன முகம்.

"இதை வெட்டிட்டு நூலை மாட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அண்ணி."

"தெரிஞ்சிருக்காது."

"ஏன் வெட்டலை?"

"விரல் வலிச்சுது" என்றாள் தையலம்மா.

நாத்தனாரின் உதட்டோரம் ஏதோ துடித்தது, சிரிப்பாக முற்றவில்லை. மெஷினில் உட்கார்ந்து கொசுவத்தின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பட்டை அப்படியே வெச்சுக்கலாமே" என்று தையலம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவர் அளவுக்குத்தானே... சாமிக்கு வேற எடுத்துக்கலாம்."

"சாமிக்குன்னு எடுத்தது சாமிக்குத்தான். ஊசி போட்ட நிமிஷமே அது ஆஞ்சநேயரோடது." நாத்தனார் நிமிரவில்லை. "அதுவுமில்லாம, தைச்சு நாடா வெச்ச வேட்டியைக் கட்டிக்க அவர் என்ன கருவறையிலயா நிக்கறாரு?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேச்சில் வால் முளைத்திருந்தது. ஆனால் அதற்கு மேல் அன்றும் மறுநாளும் அவள் அண்ணியோடு பேசவில்லை. சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். பேசவில்லை. தையலம்மா கேட்கவும் இல்லை. சனீஸ்வரன் கணக்கு என்று நினைத்துக்கொண்டாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயில் முழுக்க ஜனம். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஆஞ்சநேயர் தன் அளவுக்கு உடுத்தி, சின்னதாகக் கைகூப்பி நின்றார். கொசுவம் பாதம் வரை நேராக விழுந்தது. கொஞ்சம் தள்ளி நவகிரகங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு புதுத்துணியில் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் தையலம்மாவுக்கு இரண்டு நாளாகத் தன் வீடு இருக்கிற நிலை ஞாபகம் வந்தது. முகம் பார்க்காவிட்டாலும் ஒரே மேடையில் நிற்கிறார்களே, அதுபோதும் என்று தோன்றியது.

மண்டபத்தின் கடைசி விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. ஏணி அதைச் சரிசெய்ய ஏறியிருந்தார். கீழே அவருடைய பயணப்பை, கட்டித் தயாராக.

நாத்தனார் அண்ணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "அந்த நூல் எங்கே?"

தையலம்மா இரண்டு நாளாக முந்தானை முனையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். ஆரஞ்சுத் துணுக்கு கசங்கியிருந்தது. நாத்தனார் அதை நீவிவிட்டாள்.

"அளவு சரியில்லை அண்ணி. அன்னைக்கு என் கை நடுங்கிச்சு. தோள் பதினெட்டு இருக்காது, பத்தொன்பது இருக்கும்."

"இருக்கும். நல்ல அகலம்."

"நீங்க ஏன் அதையெல்லாம் பார்க்கறீங்க?" என்று இப்போதுதான் முகம் திரும்பினாள் நாத்தனார். கண் கலங்கியிருந்தது, அதையும் மீறிச் சிரிப்பு. "நான் எங்கே போனாலும் கொசுவம் நான்தான் பிடிப்பேன். உங்க விரலுக்கு வராது. துணியை அண்ணன் பஸ்ல கொடுத்து விடுங்க, ஆமா."

"அவர் மூணு வருஷம் இருக்கப்போற ஊருக்கு உங்கண்ணன் பஸ் போகாதுடி."

"அதெல்லாம் அவர் போனாத்தானே?"

சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணியடிக்குப் போய் நின்றாள். அவர் பார்த்துவிட்டார். வழக்கம்போல் இன்னும் ஒரு படி மேலே ஏறக் காலைத் தூக்கினார்.

"ஏறாதீங்க" என்றாள் கொசுவம், கோயிலே திரும்பிப் பார்க்கும்படி. நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினாள். "எனக்கு இஷ்டம்தான். இறங்கி வாங்க, மறுபடி அளவெடுக்கணும்."